படம் வராத கம்ப்யூட்டர்

எனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதை ஒப்புக்கொள்ள இருபத்தொரு வருடமும் ஒரு சனிக்கிழமையும் தேவைப்பட்டன. (அதற்கு முந்திய மூன்று மாதம் எல்லாம் தெரிந்தவனாகத் திரிந்தேன். உண்மையைச் சொன்னால் அது நல்ல காலம்.)

கொரோனாவுக்குப் பூட்டிய கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்த நேரம். கம்பஸ் எப்போது தொடங்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் நுரைச்சோலையில் வீட்டில் கிடந்து, கேம் விளையாடுகிற கம்ப்யூட்டரைத் தனித்தனிச் சாமான் வாங்கி எப்படிப் பூட்டுவது என்று காலை தொடக்கம் வீடியோ பார்த்தேன். வாப்பாவின் வெங்காயம் அந்தப் போகம் நன்றாகப் போயிருந்தது. "தாத்தாட வேலைக்கும் உதவும்" என்று சொல்லிச் சம்மதம் வாங்கினேன். (தாத்தா என்றால் எங்கள் ஊரில் அக்கா. பெயர் நஸ்ரியா.)

என் திட்டம் இதுதான்: நல்ல மதர்போர்ட், நல்ல பவர் சப்ளை, சுமாரான புரொசசர், ஒரேயொரு ரேம். மிச்சத்தைப் பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொள்வது. கேமுக்கு முக்கியமான கிராபிக்ஸ் கார்ட் அந்தக் காலத்தில் தங்கத்தோடு போட்டி போட்டது. ஆகவே அதுவும் பிறகு. இந்த யோசனையில் ஒரு பிழையும் இல்லை. பிழை யோசித்த ஆளில் இருந்தது.

நான் தேர்ந்த புரொசசர் இரண்டு வகையில் வந்தது. ஒன்றின் பெயருக்குப் பின்னால் எஃப் என்றொரு எழுத்து. அது விலை குறைவு.

"அது என்ன எஃப்?" என்று தாத்தா கேட்டாள்.

"ஃபாஸ்ட்" என்றேன், யோசிக்காமல்.

மிஞ்சிய காசுக்கு நிறம் மாறி மாறி எரிகிற மூன்று காற்றாடிகள் வாங்கினேன். புத்தளம் டவுனில் தில்லையடிப் பக்கமாக உள்ள கடையில்தான் எல்லாம் எடுத்தது. கடைக்காரர் ஹாரிஸ் நானா (நானா என்றால் அண்ணன்), முப்பது வயதிருக்கும், அதிகம் கதைக்காத மனிதர். பில் எழுதும்போது, "தம்பி, கார்ட் வீட்ட இரிக்கா?" என்று கேட்டார். என்ன கேட்கிறார் என்று விளங்கவில்லை. விளங்காததைக் காட்டிக்கொள்ளவும் மனமில்லை. "அதெல்லாம் பாத்துக்கலாம் நானா" என்றேன்.

தாத்தாவுக்கு அந்தச் சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஒன்லைனில் நேர்முகப் பரீட்சை. கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே சிங்களத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலை. கொழும்பில் தங்க உம்மா ஒருநாளும் விடமாட்டார் என்பதால் அவள் படிப்புக்கு வந்து விழுந்த ஒரே வேலை அதுதான். ஃபோனில் செய்ய முடியாது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே தட்டச்சு செய்து காட்ட வேண்டும்.

"பழைய கம்ப்யூட்டரிலயே குடுக்கிறனே" என்றாள்.

"அது பாதியில நிண்டா? புதுசப் பத்து நிமிசத்தில பூட்டிருவன்."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து பழையதைக் கழற்றினேன். அதன் பெட்டியும் மொனிட்டரும் எனக்கு வேண்டும். உள்ளேயிருந்த பழைய போர்டைப் பல் பிடுங்குவது போலப் பிடுங்கினேன். சின்னதாக ஏதோ ஒன்று கையோடு வந்தது. இன்றுவரை அது என்னவென்று தெரியாது. பழையது மௌத்தாகிவிட்டது என்பது மட்டும் தெரியும்.

பத்து நிமிடம் அஸர் தொழுகை வரை போய், பிறகு மறுநாள் காலை எட்டரை வரை போனது. சுவிட்சைத் தட்டினேன். காற்றாடிகள் சுழன்றன. சிவப்பு, பச்சை, நீலம் என்று அறை முழுக்க மீலாத் பந்தல் போலானது. மொனிட்டர் மட்டும் கறுப்பாகவே நின்றது.

உம்மா எட்டிப் பார்த்தார். "வெளிச்சம் வருதே மகன். படம் எங்க?"

"கரண்ட் காணாது உம்மா."

ரேமைக் கழற்றிப் பூட்டினேன். கேபிளை மாற்றிச் சொருகினேன். மொனிட்டரின் முதுகில் தட்டினேன். ஒன்பது மணிக்குத் தாத்தா இஸ்திரி போட்ட அபாயாவோடு வந்து பின்னால் நின்றாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் கண் கலங்கியிருந்ததைக் கறுப்பு மொனிட்டரில் பார்த்தேன். (அந்தத் திரை எனக்குக் காட்டிய முதல் படம் அதுதான்.)

"கடக்காரன் பழுதான சாமானத் தந்திட்டான்" என்று எழும்பினேன்.

வாப்பா சின்ன லொறியை எடுத்தார். முன்னால் அவரும் தாத்தாவும். பின்னால் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நான், மடியில் கம்ப்யூட்டர். புத்தளம் வரும்வரை கடைக்காரரிடம் என்ன கேட்பதென்று ஒத்திகை பார்த்தேன்.

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். பெட்டியைக் கண்ணாடி மேசையில் பொத்தென்று வைத்தேன்.

"பழுதான சாமான வித்து ஆக்கள ஏமாத்துறீங்களா?"

ஹாரிஸ் நானா பெட்டியைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கார்ட் எங்க?"

"என்ன கார்ட்?"

"கிராபிக்ஸ் கார்ட்."

"அது பொறகு போடுவன்."

"அப்ப படமும் பொறகுதான் வரும் தம்பி."

கடை சிரித்தது. வாப்பாவும் சிரித்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை. எஃப் போட்ட புரொசசருக்குத் தானாகப் படம் காட்டத் தெரியாது, கார்ட் இருந்தால்தான் காட்டும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். விற்பதற்கு அவரிடமும் கார்ட் இல்லை, நாட்டுக்கே ஒழுங்காக வருவதில்லை என்றார்.

அப்போது தாத்தா முன்னால் வந்தாள். "நானா, பதினொரு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. வீட்டுல இருந்த மத்தக் கம்ப்யூட்டரையும் இவன் ஒடச்சிட்டான்."

மணி பத்து நாற்பது. ஹாரிஸ் நானா தன் கதிரையை விட்டு எழும்பினார். கீபோர்டைத் துடைத்தார். தமிழ், சிங்கள எழுத்துகள் வேலை செய்கின்றனவா என்று தட்டிப் பார்த்தார். வாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என்னிடம் சொன்னார்: "நீங்க வெளிய நில்லுங்க. ஒரு சத்தம் உள்ள வரப்படாது."

ஃபோட்டோக் கொப்பி எடுக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். வாசலில் நின்று ஃபோனில் கத்திக் கதைத்த ஒருவனைக் கெஞ்சி நிறுத்தினேன். அப்போது முச்சக்கர வண்டியில் பேக்கரிச் சாமான் விற்கிற பாண்காரர் வந்தார், அந்த டிங்டிங் பாட்டை முழுச் சத்தத்தில் போட்டுக்கொண்டு. ஓடிப்போய் மறித்தேன்.

"பாட்ட நிப்பாட்டுங்க நானா!"

"என்ன வேணும்?"

"ஒண்டும் வேணாம். பாட்டுத்தான்."

"யாவாரம் செஞ்சாத்தான் தம்பி பாட்டு நிக்கும்."

மீன் வைத்த மாலு பாண் ஆறு வாங்கினேன். அவர் மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றித் தந்தார். முக்கால் மணி நேரம் கழித்து ஷட்டர் எழும்பியபோது தாத்தா சிரித்துக்கொண்டு வந்தாள். நான் நெஞ்சோடு அணைத்த பாண் பொதியோடு நின்றேன்.

வேலை கிடைத்தது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாததால், கம்பனி லப்டொப் அனுப்பும்வரை முதல் இரண்டு கிழமை அவள் அந்தக் கடையிலிருந்துதான் வேலை செய்தாள். வாப்பா ஸ்டூலில் காவல். என்ன காவல் காத்தாரோ தெரியாது. நாலு மாதத்தில் ஹாரிஸ் நானாவின் உம்மா ஆள் விட்டுப் பெண் கேட்டார். தாத்தாவிடம் கேட்டதற்கு, "ஓம்" என்று ஒரு சொல்தான் வந்தது, அதுவும் கேட்டு முடிவதற்குள்.

எனக்கு ஒரு கார்ட் தேடிக் கொடுக்க அவருக்கு இன்னும் ஒரு வருடம் எடுத்தது. அதற்குள் கம்பஸ் தொடங்கிவிட்டது. நான் அதில் முழுதாக விளையாடி முடித்த கேம் ஒன்றுகூட இல்லை.

விருந்தாளிகள் யார் வந்தாலும் வாப்பா என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: "இவர் கிராபிக்ஸ் கார்ட் இல்லாமக் கம்ப்யூட்டர் வாங்கி, கலியாணக் கார்ட் அடிக்க வெச்ச ஆள்." எல்லாரும் சிரிப்பார்கள். ஹாரிஸ் மச்சான் மட்டும் சிரிக்கமாட்டார். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, அன்றைக்குக் கடையில் பெட்டியைப் பொத்தென்று வைத்து நான் கேட்ட கேள்வியை என் குரலிலேயே வார்த்தை பிசகாமல் கேட்டுக் காட்டுவார். இப்போது தாத்தாவுடைய மூன்று வயது மகளும் அதைப் பாடமாக்கி வைத்திருக்கிறாள். என்னைக் கண்டதும் ஸலாம் சொல்வதற்கு முன்னால் அதைத்தான் கேட்கிறாள்.