வளர்த்தி பார்ப்பவர்

கூடைப்பந்து மைதானம் உள்ள ஊரில் எல்லாம் ஒரு வளர்த்தி பார்ப்பவர் இருப்பார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆட்டம் தொடங்குமுன்பே வந்து, மோரை வாங்கிக் குடித்து, பிளாஸ்டிக் நாற்காலியைக் கோட்டை ஒட்டி இழுத்துப் போட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உற்றுப் பார்ப்பார்: யாருக்குத் தோள் அகலம், யாருக்கு ஷூ பெரிது, யாருக்கு மணிக்கட்டு தடிமன். பிறகு யாரும் கேட்காமலே தீர்ப்பு. "இவன் இந்தியாவுக்கு ஆடுவானுங்க." "இது ரெண்டு வருசம் தாங்காதுங்க." பந்து கூடையில் விழுந்ததா? அதைப் பார்க்கத்தான் ஸ்கோர் போர்டு இருக்கிறதே!

அவர் வாக்குப்படி இந்தியாவுக்கு ஆடியிருக்க வேண்டிய எங்கள் ஊர்ப் பையன் மாதேஷ் இப்போது மோகனூரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். கேட்டால், "பையன் மேலதான் தப்புங்க, என்னோட கணக்கு சரிதான்" என்பார்.

எங்கள் நாமக்கல்லில் இவருக்குப் பெயர் கைலாசம். கோழிப்பண்ணை முதலாளி. தனியார் லீக்கில் ஆடும் பெண்கள் அணிக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பதும் தினமும் முட்டை அனுப்புவதும் அவர்தான் என்பதால், ஆள் எடுக்கும் அதிகாரமும் அவருக்கே. கோச் ரமேஷ்குமார் தலையாட்டுவதற்குச் சம்பளம் வாங்குகிறார்.

போன மாதம் இந்த அணிக்குத் தேர்வு நடந்தது. வெண்ணந்தூரிலிருந்து பிரீத்தி, அம்மா மயிலம்மாளுடன் பஸ் ஏறி வந்திருந்தாள். போன சீசன் அவள் ஆடிய அணி கலைந்துவிட்டது. இங்கும் ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் பெரியப்பாவின் தறிப்பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.

பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தவளைக் கைலாசம் கைகாட்டி நிறுத்தினார்.

"பந்தைக் கீழ வெய்யி சாமி. அம்மா வந்திருக்காங்களா?"

"அதோ, அங்க இருக்காங்க."

"ஏனுங்கம்மா, கொஞ்சம் எந்திரிங்க."

"எந்திரிச்சுத்தானுங்க நிக்கறேன்" என்றார் மயிலம்மாள்.

கைலாசம் உதட்டைப் பிதுக்கினார். தாய்க்கோழி எந்த ரகம் என்று விசாரிக்காமல் பண்ணைக்கு ஒரு குஞ்சுகூட வாங்காதவர் அவர். "இது இனி வளராதுங்க கோச். தாய் வாகுதான் வரும்."

"எனக்கு இருபத்திமூணு வயசு ஆச்சுங்க. இன்னும் எதுக்குங்க வளரோணும்? ஒருக்கா ஆடிக் காட்டட்டுங்களா?" பிரீத்தி பந்தை மறுபடி கையில் எடுத்தாள்.

கோச் ஆசையாகப் பந்தைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். தலையாட்டினார்.

எடுத்தது, தேர்வுக்கு வந்திருந்த இன்னொரு பெண் சௌந்தர்யாவை. அவளுடைய அப்பா மைதானத்து வாசல் நிலையில் தலை இடிக்காமலிருக்கக் குனிந்து உள்ளே வந்தார்; அத்தோடு தேர்வு முடிந்தது. இரண்டு பெண்களும் ஒரு முறைகூடப் பந்தைக் கூடைக்கு எறியவில்லை. அம்மாவும் மகளும் ஊர் திரும்ப ராசிபுரம் பஸ்ஸுக்கு நடந்ததைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

உங்களுக்கும் எரியும். "அடப்பாவி மனுஷா!" என்று கைலாசத்தைத் திட்டியும் இருப்பீர்கள். நல்லது, திட்டுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். பிரீத்தி நன்றாக ஆடுவாளா என்று நான் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதா? இல்லை, 'பெண் அப்படி என்ன உயரம்தான் இருப்பாள்?' என்று மனசுக்குள் அளந்துகொண்டிருந்தீர்களா?

அளந்தீர்கள் என்றால் கூச்சப்படாமல் வாருங்கள். கைலாசத்துக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. மோரும் உண்டு.