பிரேக் மாஸ்டரின் மகள்களுக்குப் பெரிய பள்ளிக்கூடம்

"பெரிய ஸ்கூலாம் பெரிய ஸ்கூல்! கேட்டைத் தாண்டி உள்ள விட்டாங்களா உங்கள?"

"விடுவாங்க. கொஞ்சம் பொறு."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. பிள்ளைங்க இப்ப இருக்கற எடத்துல நல்லாத்தான் இருக்குதுங்க. எந்தப் பல்லு ஆடுதுன்னு கூட டீச்சருக்குத் தெரியுது."

"பல்லு ஆடறதப் பாக்க டாக்டர் இருக்காரு. டெப்போ பின்னாடி தகரம் போட்டதெல்லாம் ஒரு ஸ்கூலா?"

"தகரமா இருந்தா என்னங்க? மழை உள்ள வருதா?"

இந்தப் புருஷன் பெண்டாட்டி சண்டை முழுவதும் போன் வழியாக, ஓடுகிற காருக்குள் நடந்தது. டிரைவிங் மாஸ்டரின் போன் மடியிலிருந்து வழுக்கி சீட்டுக்கு அடியில் போய்விட்டது. ஸ்பீக்கர் வேறு ஆன் ஆகியிருந்தது. குனிந்து எடுக்கலாம் என்றால் கால் பிரேக்கில் இருக்கிறது. பக்கத்தில் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து மூன்று நாள்கூட ஆகாத ஒரு அம்மா. காலை எடுத்தால் எதிர்வீட்டு மதில் காருக்குள் வந்துவிடும்.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். நம் மாஸ்டர் அதைப் பேச்சுக்கு முன்னால் மிதிப்பவர். மிதித்துவிட்டுத்தான் திட்டுவார். அதனால் அந்தப் பக்கமெல்லாம் அவருக்கு 'பிரேக் மாஸ்டர்' என்றே பேர்.

கடைசியில் அவர் மனைவி, "கஸ்டமர் வந்துட்டாங்க, வைக்கிறேன்" என்று சொல்லி வைத்தாள். அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை.



"எந்த ஸ்கூலுக்கு மாஸ்டர் பாக்கறீங்க?" என்றார் ஓட்டிக்கொண்டிருந்த அம்மா.

"அடுத்த தெருவுல இருக்கே மேடம், ரெட்டை கேட்டு போட்டது. அதான்."

"அங்க அட்மிஷன் பாக்கறதே நான்தான்."

மாஸ்டருக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பிரேக் மிதிக்க மறந்தது. வண்டி போய் ஒரு குப்பைத் தொட்டியை முத்தமிட்டு நின்றது.

"பரவாயில்ல மேடம், ரொம்ப அழகா நிறுத்தினீங்க" என்றார் மாஸ்டர்.

மேடம் திரும்பிப் பார்த்தார். "பிள்ளைங்க ரெண்டு பேருமே அந்த டெப்போ பின்னாடி ஸ்கூல்லதான் படிக்கறாங்களா?"

"ஆமா மேடம். மூத்தவ, இளையவ ரெண்டு பேரும். சொல்லவே கூச்சமா இருக்கு."

"ம்" என்றார் மேடம்.

அது வசதியானவர்கள் இருக்கிற பகுதி. மதில்கள் ஆள் உயரத்துக்கு மேலே. தெருவில் நடப்பவர்கள் நாயைக் கூட்டிப் போகிறவர்களும் வேலைக்கு வருகிறவர்களும் மட்டும்தான். மாஸ்டர் குடும்பம் அதே பகுதியின் வால் முனையில், ஒரு சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறையில் இருந்தது. நாள் முழுக்க அந்த மதில்களுக்கு நடுவில் யாராவது ஒருத்தரை ஓட்டவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். காலையில் ரெட்டை கேட்டு திறக்கும். பிள்ளைகள் டை கட்டிக்கொண்டு உள்ளே போகும். கேட்டு மூடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மூடிக்கொள்ளும். தன் பிள்ளைகள் அந்தக் கேட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும், அவ்வளவுதான். வேறு ஆசை எதுவும் அவருக்கு இல்லை.

மறுநாளிலிருந்து மாஸ்டர் திட்டுவதை நிறுத்தினார். திட்டாமல் எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று அவருக்குத் தெரியாது. ஆகவே கற்றுக்கொடுப்பதையும் நிறுத்தினார். மேடம் கிளட்சை விடும்போது இவர் இந்தப் பக்கம் பிடித்துக்கொள்வார். மேடம் பிரேக்கைத் தேடும்போது இவர் மிதித்துவிடுவார். முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பி, மரம் பார்ப்பதுபோல வைத்துக்கொள்வார்.

"எனக்கு வந்துடுச்சு மாஸ்டர்!" என்றார் மேடம், மேட்டில் வண்டியை நிறுத்தி எடுத்தபோது.

"உங்களுக்குப் பிறவியிலயே இருக்கு மேடம்" என்றார் மாஸ்டர். தொடை நரம்பு இழுத்துப் பிடித்திருந்தது.

மேடத்துக்குப் பெரிய சாலை வேண்டாமாம். மேடும் சந்தும்தான் வேண்டுமாம். அதுவும் குறுகலான சந்து, செங்குத்தான மேடு. பணக்காரர்கள் கேட்பதற்கெல்லாம் காரணம் கேட்கக் கூடாது என்று மாஸ்டர் விட்டுவிட்டார்.

ஒருநாள் மட்டும் கேட்டார். "பேசாம ஒரு டிரைவர் வச்சுக்கலாமே மேடம்?"

"வேணாம். டிரைவருங்க வாய் சும்மா இருக்காது."

அன்றைக்கே சீட் விஷயத்தையும் மெல்ல எடுத்தார்.

"பாக்கலாம் மாஸ்டர். முதல்ல பழைய ஸ்கூல்ல டி.சி. வாங்கிடுங்க. அது கையில இருந்தாத்தான் நான் மேல பேச முடியும்."

மாஸ்டர் அன்று சாயங்காலமே தகரக் கூரைக்குப் போய் நின்றார்.

டீச்சர் கையில் சாக்பீஸோடு வெளியே வந்தார். "நல்லா யோசிச்சீங்களா? இங்க இடம் கேட்டு வெளிய நிறையப் பேரு காத்துட்டு இருக்காங்க. விட்டுட்டா மறுபடி கிடைக்காது."

"இதுக்கா டீச்சர்?" மாஸ்டர் சிரித்தேவிட்டார். "நல்லா இருங்க."

வீட்டில் மனைவி அதைக் கேட்டதும் துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"அங்க சீட்டு குடுத்துட்டாங்களா?"

"குடுப்பாங்க."

"குடுக்கறதுக்கு முன்னாடியே இங்க எடுத்துட்டீங்க. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையால்ல இருக்கு!"

"நீ என்னைக் கைவிடலையே?"

"அத யோசிச்சுட்டு இருக்கேன்" என்றாள் அவள். சிரிக்கவில்லை.

பிள்ளைகள் இரண்டும் வீட்டில் உட்கார்ந்தன. கீழே சலவைக் கடை இஸ்திரிப் பெட்டியின் சூடு தரை வழியே ஏறும். இளையவள் காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டு கேட்பாள்: "அம்மா, இந்நேரம் டீச்சர் எங்களத் தேடுவாங்களா?" மனைவி கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிப் போய்விடுவாள். மாஸ்டரோடும் பேச்சு குறைந்துவிட்டது. இருந்த இரண்டு அறையில் ஆளுக்கு ஒன்று என்றாகிவிட்டது.

மேடம் தேதி வாங்கிக் கொடுத்த இண்டர்வியூவுக்கு மாஸ்டரே பிள்ளைகளைத் தயார் செய்தார். அவருக்குத் தெரிந்த பாடம் ஒன்றுதான்.

"கேள்வி வந்ததும் பாயக் கூடாது. ரெண்டு பக்கமும் பாரு. பின்னாடி பாரு. அப்புறம் மெதுவா எடு. சந்தேகமா இருந்தா நிறுத்திடு."

இண்டர்வியூ அறையில் பெரிய மேசைக்குப் பின்னால் தலைமையாசிரியை. ஓரத்தில் நம் மேடம்.

"உன் வயசு என்னம்மா?" என்றார் தலைமையாசிரியை.

மூத்தவள் இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். முழுசாகத் திரும்பிப் பின்சுவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஏழு" என்றாள்.

"யாரையாவது தேடறியா?"

மறுபடி இடது, வலது, பின்சுவர். "இல்ல."

இளையவளிடம் ஒரு தாளைக் கொடுத்து ஏதாவது வரையச் சொன்னார்கள். அவள் ஒரு கார் வரைந்தாள்.

"இதென்ன ரெண்டு கட்டை?"

"பிரேக்கு. ஒண்ணு ஓட்டறவங்களுது. இன்னொண்ணு எங்கப்பாவுது. ஒரு மேடத்துக்கு ஓட்டவே தெரியாதாம். எங்கப்பாதான் தெரியாம தெரியாம மிதிப்பாராம். அம்மாகிட்ட சொன்னாரு."

மாஸ்டருக்குக் காதுக்குள் என்னவோ ஊதியது. தலைமையாசிரியை சிரித்தார். ஓரத்தில் இருந்த மேடமும் விழுந்து விழுந்து சிரித்தார். பாவம், அது தன்னைத்தான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அன்றிரவு மாஸ்டர் பொய்யை இத்தோடு விட்டுவிடுவது என்று முடிவு செய்தார். மறுநாள் வகுப்பில் காலிரண்டையும் மடக்கிச் சீட்டின் மேலேயே வைத்துக்கொண்டார். மேட்டில் வண்டி நின்றது. எடுத்தார் மேடம், அணைந்தது. எடுத்தார், அணைந்தது. பின்னுக்கு உருண்டது. பின்வண்டிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

மேடத்தின் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு நாளா நல்லாத்தானே ஓட்டினேன் மாஸ்டர்?"

உண்மையைச் சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் கிடையாது. மாஸ்டர் வாயைத் திறந்தார்.

"வண்டிலதான் மேடம் கோளாறு. கிளட்ச் தேஞ்சுபோச்சு."

"அப்படியா! நான்கூட பயந்துட்டேன். அப்ப டெஸ்டுக்கு எங்க வண்டியே எடுத்துக்கலாம். வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்காரு, சும்மாதான் நிக்குது. திங்கட்கிழமைக்குள்ள எனக்கு லைசென்ஸ் வந்தாகணும்."

மேடம் வீட்டு வண்டி நீளத்தில் ஒரு படகு. அதில் இருந்தது ஒரே ஒரு பிரேக்.

டெஸ்ட் நடந்த திடலில் மாஸ்டர் வேலி ஓரமாக நின்றார். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மேடம் மாஸ்டரைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு அந்தப் படகு ஒரு துள்ளு துள்ளியது, இரண்டு கம்பத்தைச் சாய்த்தது, எதையோ நினைத்துக்கொண்டதுபோல நின்றது, பிறகு பின்பக்கமாகப் போய் இன்ஸ்பெக்டர்கள் டீ குடிக்கும் பந்தலில் ஏறியது.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். இறங்கியும் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். "யாரும்மா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

மேடம் வேலியைக் கை காட்டினார். வேலி ஓரத்தில் யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்த மாஸ்டர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். பழைய இடமும் போச்சு, புது இடமும் போச்சு. பிள்ளைகள் இரண்டும் பாயில் படுத்து, இல்லாத வகுப்புக்கு அட்டெண்டன்ஸ் எடுத்து விளையாடிக்கொண்டிருந்தன. மனைவி ஒரு டம்ளர் தண்ணீரை அவர் முன்னால் வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

போன் அடித்தது. மேடம்.

"மேடம், என்னை மன்னிச்சுடுங்க..."

"உங்க சின்னப் பொண்ணு அன்னைக்கே சொன்னா. நாந்தான் யாரையோன்னு நெனச்சுச் சிரிச்சுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அது போகட்டும். உங்க பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் இடம் போட்டாச்சு. திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க."

மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். "மேடம்! நான் பண்ணினதுக்கு நீங்க..."

"நீங்க பண்ணினதுக்குப் பிள்ளைங்க என்ன பண்ணும்? ஆனா என் பாடுதான் திண்டாட்டம். காலையில என் பொண்ணுங்கள யாரு கொண்டுபோய் விடறது?"

"நான் விடறேன் மேடம்! உங்களுக்கு லைசென்ஸ் வர்ற வரைக்கும், தினம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"வெளிய யாருகிட்டயும் பேசக் கூடாது."

"செத்தாலும் பேச மாட்டேன் மேடம்."

போனை வைத்துவிட்டு மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். "சொன்னேன்ல?" மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப நாளுக்கப்புறம், "டை கட்டத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை வானம் மூடியிருந்தது. தூறல். பின்சீட்டில் புது யூனிபார்மில் பிள்ளைகள் இரண்டும் அட்டைப்பெட்டி மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தன. மாஸ்டர் மேடம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். மேடத்தின் மகள்கள் இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். சாதாரண கவுன், சாதாரணப் பை. டை இல்லை.

"யூனிபார்ம் போடலையா மேடம்?"

மேடம் குடையை விரித்தார். "இவங்கள முதல்ல விட்டுடுங்க மாஸ்டர். வழி பெரியவ சொல்லுவா." ரெட்டை கேட்டுப் பக்கமாக விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

நான்கு பெண் பிள்ளைகளும் பின்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். மாஸ்டர் வண்டியை எடுத்தார்.

"எங்கம்மா போகணும்?"

"டெப்போ பின்னாடி மேடு இருக்குல்ல அங்கிள், அங்க தகரம் போட்ட ஸ்கூல்" என்றாள் மேடத்தின் பெரிய மகள். "அம்மா ஸ்கூல் எங்களுக்கு வேணாமாம், இதுதான் நல்ல ஸ்கூலாம். ரொம்ப நாளா இடமே இல்ல; இப்பத்தான் யாரோ ரெண்டு பேரு அங்கேருந்து நின்னுட்டாங்களாம்!"

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சாயங்காலம் மாஸ்டர் வீட்டுக்குப் போக வேண்டும், முதல் நாள் எப்படி இருந்தது என்று மனைவி கேட்பாள். அவர் என்ன சொல்லட்டும்? தெரிந்தவர்கள் சாயங்காலத்துக்குள் பதில் எழுதுங்கள்.