ஐந்தால் பெருக்கி எட்டைக் கூட்டிய விண்ணப்பம்

சங்கேதச் சிங்கங்கள் என்று ஓர் இனம் உண்டு. கேள்விப்பட்டதில்லையா? மேற்குத் தாம்பரத்தில் எலியேசரைப் பாருங்கள். ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை. சலவைக்குப் போய்வந்த சட்டைக் காலரில் இருக்கும் குறி, கொசுமருந்து அடிக்க வந்தவர் வாசல் சுவரில் கிறுக்கிவிட்டுப் போன எண், தபால் முத்திரையில் பாதி அழிந்த எழுத்து, எதைக் கண்டாலும் பேனாவைத் திறந்து, பெருக்கி, வகுத்து, "உள்ள ஏதோ விஷயம் இருக்கு" என்பார். இருக்காது. அதனால் என்ன?

நேரடியாகச் சொன்னால் மட்டும் அவர் காதில் ஏறாது. சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று மனைவி ரத்தினபாய் சொல்லி அலுத்து, ஒருநாள் பட்டினி போட்ட பிறகுதான் ஏறியது.

இந்த மனிதரிடம் மகள் பியூலா தன் காதலைச் சொல்லியாக வேண்டும். பையன் படப்பை சாம்பசிவன். சர்ச்சுக்கு வருகிற குடும்பமில்லை. அவன் வீட்டில் வேறு பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பாவம், பலமுறை வாயைத் திறந்து பார்த்தாள். அவர் பேப்பரிலிருந்து தலையெடுக்கவில்லை. கடைசியில் அவர் கற்றுக்கொடுத்த வித்தையையே எடுத்தாள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி, A-க்குப் பூஜ்யம், B-க்கு ஒன்று என்று எழுத்தை எண்ணாக்கி, ஐந்தால் பெருக்கி, எட்டைக் கூட்டி, இருபத்தாறால் வகுத்த மீதியை மறுபடி எழுத்தாக்கி ஒரு தாளை நீட்டினாள்.

"இத மட்டும் கண்டுபிடிங்கப்பா."

சிங்கம் சிலிர்த்துக்கொண்டது. சாப்பாடு ஆறியது. அதிகம் தலைகாட்டும் எழுத்து I. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால் அதிகம் வருவது A; அப்படியானால் அதுதான் இது. எட்டைக் கழித்தார், இருபத்தொன்றால் பெருக்கினார், இருபத்தாறால் வகுத்து மீதியைப் பிடித்தார். எழுத்தெழுத்தாக அவிழ்ந்தது: 'சாம்பசிவனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள அனுமதி கொடுங்கள்.' பியூலா கதவோரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு எழுத்துகூடத் தப்பில்ல. இருபத்தொண்ணு எங்கேருந்து வந்துச்சுன்னு கேளு."

"என்ன எழுதியிருக்குப்பா?"

"அது கெடக்கட்டும். மொதல்ல இதக் கேளு."

மறுநாள் மின்சார ரயிலில், விடையோடு அந்தத் தாள் பெட்டி முழுக்கச் சுற்றியது. எதிர் இருக்கை குப்புராஜ் அதை நிதானமாகப் படித்தார்.

"இன்னா சார், வூட்ல கல்யாணமா? மாப்ள எந்த ஊரு?"

"யார் வீட்ல?" என்றார் எலியேசர்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உங்கள் பக்கத்தில் வந்து நின்று யாரோ ஏதோ கேட்டார்கள். நீங்களும் "உம்" என்றீர்கள்.

என்ன கேட்டார்கள்?