ஒன்பதாவது மின்னல்

சென்ற ஐப்பசி பதினொன்று, செவ்வாய்க்கிழமை, காலை ஆறே கால் மணி, தூறல். எதிர்வீட்டு 'சாகுபடி' என் கதவைத் தட்டி, "கண் ஆபரேஷனுக்கு நான் போவல சார்" என்றார். அரியலூர் மாவட்டத்தில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாமல் மூன்று வருடம் ஓயாமல் சாகுபடி செய்த ஒரே மனிதர் அவர்தான்.

சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். செந்துறைப் பக்கம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து மக்காச்சோளம் போடலாம் என்ற ஆசையில் போனில் 'சாகுபடி' என்று தேடினார். வந்து விழுந்தது ஒரு சீனத் தொடர்கதை. தவமிருந்து, மூச்சை அடக்கி, படிப்படியாக ஏறிச் சாகாவரம் தேடுகிறவர்களின் கதை. அந்தத் தவத்துக்கு ஆங்கிலத்தில் விவசாயத்துக்கான சொல்லையே வைத்திருக்கிறார்கள். போன் அதை நேர்மையாகத் தமிழாக்கி, 'அவன் குகைக்குள் முந்நூறு ஆண்டுகள் சாகுபடி செய்தான்' என்று கொடுத்திருந்தது.

"குகைக்குள்ள என்னத்த போட்டுருப்பான் சார், காளானா?" என்று கேட்டுக்கொண்டு வந்தவர், மறுவாரம் குத்தகையையே மறந்துவிட்டார். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பேச்சும் கதையில் வருகிறவர்கள் பேசுவதுபோல் மாறியது. மினிபஸ்ஸில் சில்லறை கேட்ட கண்டக்டரைப் பார்த்து, "இளம் எஜமானே, நீ மரணத்தைக் காதலிக்கிறாய்!" என்றார்.

"பெருசு, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. ரெண்டு ரூவாய எடுங்க."

எனக்குக் கவலை வந்துவிட்டது. கதை என்னதான் என்று நானும் படித்துப் பார்த்தேன். கணக்கு வாத்தியாராக இருந்தவன், எண்ணாமல் படிக்கத் தெரியாது. கதாநாயகன் ஒருவனை அடித்தால் அவன் மாமன் வருகிறான். மாமனை அடித்தால் தாத்தா. அடிக்க ஆள் தீர்ந்ததும் மேலே இன்னோர் உலகம்; அங்கே மறுபடியும் கடைசிப் பெஞ்ச். முதல் நூறு அத்தியாயங்களில் கூட்டம் திகைத்துப்போய் 'குளிர்ந்த காற்றை உள்ளிழுத்தது' நாற்பத்தேழு முறை. பெண்களுக்கு அவனைப் பார்த்து வியப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

"என்னய்யா இருக்கு இதுல?"

"முப்பத்தோரு வருஷம் சார். டிரைவரா ஏறுனேன், டிரைவராவே எறங்குனேன். இவனப் பாருங்க, சும்மா ஒக்காந்து மூச்சு வுட்டாலே ஒரு படி ஏறிடுறான்."

அன்றைக்கு இன்னும் கொஞ்சம் படித்தேன். அடுத்த படியை எப்போது ஏறுவானோ என்ற பதைப்பில் பிரஷர் மாத்திரை போட மறந்துபோனேன்.

இப்போது அந்தத் தூறல் காலைக்கு வருகிறேன். அவருடைய இடது கண், ஓய்வு பெறும் சமயத்தில் குவாரியில் கல் சில்லு பட்டுப் போய்விட்டது. வலது கண்ணில் புரை. சர்க்கரையும் இருப்பதால் இனித் தள்ளிப்போடக் கூடாது என்று பெரம்பலூர் டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷன் அன்றைக்குத்தான்.

"அவன் குகைக்குள்ள போயிட்டான் சார். தலையில ஒம்பது மின்னல் எறங்கப் போவுது. தாங்குனா சாமி, தாங்கலன்னா சாம்பல். என்னா ஆச்சுன்னு தெரியாம நான் எப்புடி கண்ணக் கட்டிக்கிறது?"

சொல்லும்போது கதவு நிலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பயம் மின்னலைப் பற்றியது அல்ல. இருப்பது ஒரே கண்.

"யோவ், நானும் கூட வரேன். ஆஸ்பத்திரியில நானே படிச்சுச் சொல்றேன். கெளம்பு."

சொட்டு மருந்து விட்டுப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொள்ள, நான் போனைப் பார்த்துப் படித்தேன். ஒவ்வொரு மின்னலுக்கும் என் முழங்கையைப் பிடித்து நசுக்கினார். கடைசியில் கதாநாயகன் வெள்ளை அங்கியில் தூசுகூட இல்லாமல் வெளியே வந்தான். கூட்டம் குளிர்ந்த காற்றை உள்ளிழுத்தது.

"இருய்யா. ஒம்பதுன்னான். எட்டுதான வுழுந்துருக்கு?"

சொல்லியிருக்கக் கூடாது. அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்து, "ஐயா, உள்ள வாங்க" என்றார். எழுந்தவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப மிச்சம் ஒண்ணு எனக்கா சார்?"

பதில் சொல்வதற்குள் அழைத்துப் போய்விட்டார்கள்.

அந்த ஒன்று எங்கேயாவது விழுந்திருக்க வேண்டுமே என்று அடுத்த அத்தியாயத்தைத் தொட்டேன். பூட்டியிருந்தது. பணம் கட்டினால்தான் திறக்குமாம். கட்டினேன். ஒரு மாமன் வந்தான். மறுபடி கட்டினேன். தாத்தா வந்தார். மின்னலைக் காணோம். இன்னும் கட்டினேன். எழுதியவர் அதை மறந்தே போயிருந்தார்.

கண்ணில் கட்டோடு அவரைக் கூட்டி வந்தார்கள். "நல்லபடியா முடிஞ்சுதுங்க" என்று நர்ஸ் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. இருட்டில் துழாவுவதுபோல் கையை நீட்டி என்னைத் தேடினார்.

"சார், ஒம்பதாவது எங்க எறங்குச்சு?"

"எதிர் மலையில. ஆடு மாடுகூட இல்லாத எடம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவலய்யா."

"நெனச்சேன் சார்" என்று என் தோளில் சாய்ந்துகொண்டார்.

விழாத அந்த ஒரு மின்னலைத் தேடியதில் எனக்கு ஆன செலவு நானூற்றுப் பதினாறு ரூபாய்.