ஷார்ஜாவிலிருந்து பார்த்த சந்தன நிறம்

திரையில் தெரிந்தால் மட்டும் நம்புகிற ஓர் இனம் நம்மிடையே பெருகிவிட்டது. கண்ணில் கோளாறு ஒன்றும் கிடையாது. எறும்பு ஊர்வதுகூடத் தெரியும். ஆனால் அந்த எறும்பு போனுக்குள் ஊர வேண்டும். குடும்பத்தோடு கங்கைகொண்ட சோழபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கோயிலை அண்ணாந்து பார்த்துவிட்டு, "வீடியோவுல தங்கமாட்டம் தகதகன்னு இருந்துச்சு, நேர்ல பாத்தா வெறும் கல்லாவுல்ல இருக்கு" என்று முகம் சுளித்தவரைப் பார்த்திருப்பீர்களே, அவரேதான். காலை இளவெயிலுக்காகக் காத்திருந்து ட்ரோனில் எடுத்த படம் அது என்று சொல்லிப் பாருங்கள். உங்களைப் பாவமாகப் பார்ப்பார்.

இந்த இனத்தில் முதல் தரமானவர் பீர் முகமது. லெப்பைக்குடிக்காட்டுக்காரர். ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். கிடங்கில் அவர் பேச்சை யாரும் கேட்பதில்லையோ என்னவோ, ஊரில் எழும்பிய புது வீட்டை அங்கிருந்தே சூப்பர்வைஸ் செய்தார். பெரம்பலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் வினோதினியைப் பிடித்து, வாரம் ஒரு ட்ரோன் வீடியோவுக்கு ஏற்பாடு. வீடியோ வந்ததும் ரூமில் இருக்கிற ஆட்களையெல்லாம் கூட்டி உட்காரவைத்து, இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, ஸ்கிரீன்ஷாட்டில் சிவப்பு வட்டம் போட்டு, அதற்கு விளக்கவுரையாக நாலு நிமிஷ வாய்ஸ் மெசேஜும் வைத்து மனைவிக்கு அனுப்புவார். முடிவில் ஒரே வாசகம். "படம் பொய் சொல்லுமா?"

அந்த மனைவி ஜுலைகா. பதினெட்டு வருஷம் மாமியார் வீட்டு ஒற்றை அறையில் காலம் தள்ளியவள். மகள் அஸ்ரினின் நிக்காஹ் சொந்த வீட்டு வாசலில்தான் நடக்க வேண்டும் என்பது அவள் வாழ்நாளில் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆசை. தேதி குறித்தாகிவிட்டது. இருபது நாள் இருந்தது. தவறினால் பீர் முகமதுவின் அடுத்த லீவுக்கு, அதாவது இன்னும் ஒரு வருஷத்துக்குத் தள்ளிப்போகும். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை நாள் பொறுப்பார்கள் என்று யார் சொல்ல முடியும்?

பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, பெயின்டர் மதுரைவீரன் முன்சுவருக்குச் சந்தன நிறம் அடித்து முடித்தார். அழகாகத்தான் இருந்தது. வினோதினி காலை எட்டு மணிக்கு வந்து படமெடுத்து அனுப்பினாள். வீடு மேற்குப் பார்த்தது. காலையில் முன்பக்கம் நிழல் விழுந்து கிடக்கும். ஷார்ஜாவிலிருந்து மெசேஜ் வந்தது: "சந்தனம் கேட்டா சாம்பல் அடிச்சு வச்சிருக்கான். மஞ்சளக் கூட்டச் சொல்லு."

கூட்டினார்கள். நாள் நெருங்குவதால் வாரக் கணக்குப் பார்க்காமல் அடுத்த வீடியோ, சாயங்காலம் ஐந்தரைக்கு. இறங்குவெயில் சுவரில் அப்படியே விழுந்தது. "என்னா இது, பப்பாளிப்பழமா? பழைய கலரையே அடிக்கச் சொல்லு!" பழையதையே அடித்தார்கள். இந்த முறை உச்சிவெயிலில், தலைக்கு நேர் மேலிருந்து எடுத்த படம் போனது. "சுண்ணாம்பு அடிச்சாப்புல வெளுத்துப் போச்சு. சொரண்டிட்டு மொதல்லேருந்து அடி!"

மதுரைவீரன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

"பாயம்மா, குரும்பலூர்ல ஒரு வேல காத்துக் கெடக்குதுங்க. இன்னொரு தடவ சொரண்டச் சொன்னா, சாரத்த இப்புடியே போட்டுட்டுப் போயிடுவேங்க."

வாசலை அடைத்துக்கொண்டு சாரம் நின்றால் பந்தல் எங்கே போடுவது? நிக்காஹுக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. ஜுலைகா வினோதினியைக் கூப்பிட்டு, "ஏம்மா, உன் கேமராவுல என்னம்மா கோளாறு?" என்று கேட்டாள்.

"கேமராவுல ஒண்ணுமில்லக்கா. வெயிலு எந்தப் பக்கம் இருக்குது, ட்ரோன் எந்த ஒசரத்துல நிக்கிது, அதப் பொறுத்துக் கலரு மாறும். நான் அண்ணங்கிட்ட எத்தன தடவ சொல்லிட்டேன்! 'எனக்கே பாடம் எடுக்குறியா'ங்கிறாரு."

ஜுலைகாவும் சொல்லிப் பார்த்தாள். "நான் சுவத்துக்கிட்டத்தாங்க நிக்கிறேன். அல்லாவுக்காகச் சொல்றேன், சந்தனந்தாங்க."

"ஒனக்கு என்னா தெரியும்? நான் படத்துல பாக்குறேன்ல?"

சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்பவளுக்குத் தெரியாதாம். கடல் தாண்டி இருப்பவருக்குத் தெரியுமாம். ஜுலைகாவுக்கு ஆத்திரம் பொங்கியது. அழுவாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அழவில்லை. மதுரைவீரனைச் சாரத்தைப் பிரிக்கச் சொன்னாள். சுவரில் ஒரு சொட்டு புதுப் பெயின்ட் படவில்லை. சுரண்டி அடிக்கிற அளவுக்கு இரண்டு நாள் விட்டு, ஜுலைகா கூப்பிட, மூன்றரை மணிக்கு வினோதினி வந்தாள். வெயிலைத் தன் முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டு, ட்ரோனை மேலே ஏற்றாமல் சுவருக்கு நேராக நிறுத்தி எடுத்தாள். ஜுலைகா புதுச்சேலை உடுத்தி, நிலைவாசலில் கையை வைத்து, ட்ரோனைப் பார்த்துச் சிரித்தபடி நின்றாள். எத்தனை வருஷத்து ஆசை! அவரும் பார்க்கட்டுமே என்றுதான்.

அரை மணியில் வீடியோ காலில் வந்தார் பீர் முகமது.

"மாஷா அல்லாஹ்! இதுதான் சந்தனம்! பாத்தியா, சொரண்டி அடிச்சதும் எப்புடி வந்துருச்சு! நான் மட்டும் கவனிக்காம வுட்டிருந்தேன்னா ஏமாத்தியிருப்பானுங்க."

"ஆமாங்க" என்றாள் ஜுலைகா. நிக்காஹ் பிழைத்தது. அது போதும் அவளுக்கு.

"ஒரே ஒரு கொறதான். நெலவாசல்ல யாரோ ஒரு பொம்பள கைய வச்சுக்கிட்டு நிக்கிது. அதக் கொஞ்சம் வெலகச் சொல்லியிருக்கக் கூடாதா? சுவர மறைக்குது."

ஜுலைகா போனை முகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தாள்.

"நான்தாங்க அது."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம். இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்திருப்பார் போலும். பிறகு அந்தப் பெரிய மனிதர் சொன்னார்: "அது... வெளிச்சம் செரியில்ல ஜுலைகா. ஆங்கிளும் ஒரு மாதிரியா இருக்குது. ஆளு வேற மாதிரி தெரியுது."

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். நீங்கள் ஷார்ஜாவில் இல்லை, வீடு கட்டவில்லை, உங்களிடம் ட்ரோனும் கிடையாது. ஆனால் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று ஒருவர் ஏதோ கேட்டார். நீங்களும் நிமிராமல் "ம்" என்றீர்கள். என்ன கேட்டார்?