காசிநாதனின் ஆள்காட்டி விரல்

“தேய்க்காதடி, ஜனநாயகம் எரியுது!”

காசிநாதன் இடது கை ஆள்காட்டி விரலை உருவிக்கொள்ளப் பார்த்தார். அம்சவள்ளி விடவில்லை. எலுமிச்சை மூடி சக்கையாகிவிட்டது. நகத்திலிருந்த கறுப்புக் கோடு மட்டும் அப்படியே இருந்தது.

“சித்திரையில வச்ச மைங்க இது. தை பொறந்துடுச்சு. என் வெரல்ல வச்சது தீவாளிக்கு முன்னாலயே நகத்தோட வளந்து போயிடுச்சு. உங்களுக்கு மட்டும் இன்னாவாம்?”

“நீ போட்டது ஓட்டு. நான் செஞ்சது கடமை. அதான் ஊறிப்போச்சு.”

கட்சிக் கிளைச் செயலாளருக்கு எதையும் சாதாரணமாகச் சொல்ல வராது. கரும்புக்கு மோட்டார் போட்டால்கூட ‘பாசனப் பணியைத் தொடங்கி வைத்தேன்’ என்பார்.

மகளிர் குழுக் கூட்டத்தில் நர்ஸ் சுபஸ்ரீ சொன்னது அம்சவள்ளியின் காதிலேயே நின்றது. நம்மைப் போன்ற நிறத்துக்காரர்களுக்குத் தோல் புற்றுநோய் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று யாரும் பார்க்காத இடத்தில் வருமாம். நகத்தில் புதிதாக ஒரு கறுப்புக் கோடு வந்து, அகலமாகி, பக்கத்துத் தோலுக்கும் பரவினால் தள்ளிப்போடக் கூடாதாம். சீக்கிரம் பார்த்தால் விரலும் மிஞ்சும், ஆளும் மிஞ்சுவார்.

இந்த மனுஷனை டாக்டர் முன்னால் உட்கார வைக்காமல் விடுவதில்லை என்று அவள் முடிவு கட்டினாள்.

முதலில் இளைஞரணித் தமிழழகனைப் பிடித்தாள்.

“தம்பி, நீ சொன்னா கேப்பாரு. அந்த வெரலக் கொஞ்சம் பாருப்பா.”

பார்த்தான். புல்லரித்துப் போனான். மறுநாள் மணலூர்பேட்டை ரோட்டு முனையில் பேனர் எழும்பியது. ‘அழியாத மையே, அடங்காத மறமே!’ பனைமர உயரத்துக்கு விரல் நின்றது. அதன் அடியில் தபால்தலை அளவில் காசிநாதன் சிரித்தார். போகிற வருகிறவர்கள் விரலோடு செல்ஃபி எடுத்தார்கள்.

அந்த அளவில் பார்த்தபோதுதான் கோடு நகத்தைத் தாண்டித் தோலிலும் இறங்கியிருப்பது அம்சவள்ளிக்குப் பளிச்சென்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து கூசாமல் ஒரு பொய் சொன்னாள்.

“கள்ளக்குறிச்சியில தோல் டாக்டரம்மா ஒருத்தங்க உங்க வெரல நேர்ல பாக்கணும்னு ஆசப்படறாங்களாம்.”

“பாத்தியா! படிச்சவங்களுக்கு அருமை தெரியுது.”

கிளம்பினார். ஆனால் தனியாக இல்லை. கட்சிக்காரன் சடையனின் வேன் நிறையத் தொண்டர்களோடு கிளம்பினார். டாக்டர் நிர்மலா நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவர் தோளில் பொன்னாடை விழுந்தது. அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, லென்ஸை நகத்தின் மேல் வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

“மையா இருந்தா நகத்தோட வளந்து வெளிய போயிருக்கும். இது வேர்லேர்ந்து வருது, தோலுக்கும் பரவியிருக்கு. புத்துநோய்தான்னு சொல்லல. ஆனா ஒரு சின்னத் துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியே ஆகணும். இன்னிக்கே.”

“துண்டா? என் மையிலயா?”

காசிநாதன் எழுந்துவிட்டார். பின்னால் கோஷம் கிளம்பியது. “தொடாதே தொடாதே, அண்ணன் விரலைத் தொடாதே!”

இனி அவரே நினைத்தாலும் உட்கார முடியாது.

“வெயில்ல மொத ஆளா நின்னு போட்ட ஓட்டு டாக்டர் இது! சூடத்த அணைச்சு சத்தியம் பண்றேன், இது மைதான்!”

அம்சவள்ளி கதவை மறித்து நின்றாள். “எடுக்காம போவணும்னா என்னத் தாண்டித்தான் போவணும்.”

“தள்ளு அம்சா. ஜனங்க பாத்துகினு இருக்காங்க.”

“பாக்கட்டும். நாளைக்குக் கண்ணீர் அஞ்சலி பேனருக்கும் அவங்கதான வந்து நிப்பாங்க?”

“இது மை இல்லன்னு ஒருத்தன், ஒரே ஒருத்தன் சொல்லட்டும். கைய நீட்டிடறேன்!”

கோஷம் நின்றது. வேன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பிடரியைச் சொறிந்தபடி சடையன் முன்னால் வந்தான்.

“நீங்க எடுங்க டாக்டரம்மா. அன்னிக்கு அண்ணன் பூத்துக்கு வந்து சேர்றதுக்குள்ள அவரு ஓட்ட நான் போட்டுட்டேன்.”