துரை மனம் கோணாமல் ஒரு விண்ணப்பம்

துரைமார் கப்பலேறிப் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் அவர்கள் மனம் கோணிவிடக் கூடாதே என்று இன்னும் பதறுகிற ஓர் இனம் நம்மிடையே உண்டு. துரைதாசர்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பாலத்தைக் கண்டால் "அவன் கட்டினது, அசையுதா பாரு!" என்பார்கள், குழாயில் தண்ணீர் நின்றால் "அவன் இருந்திருந்தா இப்படி ஆகுமா?" என்பார்கள், அந்தப் பாலத்துக்குக் கல் சுமந்தது யார் வீட்டுத் தாத்தா என்று மட்டும் கேட்கமாட்டார்கள். கேட்டால் மரியாதை கெட்டுவிடுமாம். யாருடைய மரியாதை?

ஓய்வுபெற்ற இந்தத் தலைமை எழுத்தரைப் பாருங்கள். அவருடைய மாமனாரின் தாத்தா, மலை நிலத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றவர். துரைமார் அவரைக் கொன்று, நிலத்தைப் பிடுங்கி, தலையை அறுத்துக் கொண்டுபோய்த் தங்கள் அருங்காட்சியகத்தில் எண் ஒட்டி வைத்துவிட்டார்கள். மாமனார் இப்போது படுத்த படுக்கை. கண் மூடுமுன் தாத்தாவைச் சொந்த மண்ணில் புதைத்துவிட வேண்டும் அவருக்கு. மண்டையோட்டையும் நிலத்துக்கு நஷ்டஈட்டையும் கேட்டு எழுத்தரின் மனைவி கடிதம் எழுதினாள். அவர்கள் மொழியில் மாற்றித் தருவதாகக் கணவர் வாங்கிக்கொண்டார்.

"'திருப்பிக் குடுங்க'ன்னா எழுதுவாங்க? பெரிய மனுஷங்க மனசு புண்படாது?"

"தலையை அறுத்தப்ப நம்ம மனசு புண்படலையா?"

"அது பழைய கதை. ரயில் விட்டாங்களே, அதைச் சொல்லேன்."

"எங்க மலை மரத்தை ஏத்திட்டுப் போகத்தானே விட்டாங்க!"

"உனக்கு ஆபீஸ் நடைமுறை தெரியாது. பேசாம இரு."

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று நாள் எழுதினார். 'மாட்சிமை தங்கிய' என்று குனிந்து, 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' என்று விழுந்து, நடுவே, 'இதுநாள்வரை எங்கள் மூதாதையைப் பத்திரமாகக் காத்தமைக்கு நன்றி. அனுப்பச் சிரமமெனில் தாங்களே வைத்திருக்கலாம்' என்று இழைத்துவிட்டார். நஷ்டஈடா? அநாகரிகம் என்று அடித்தேவிட்டார். வெட்கங்கெட்ட மனிதர்!

பதில் வந்தது. மகள் படித்துச் சொன்னாள்: "உங்க பெருந்தன்மைக்கு நன்றியாம். உங்க விருப்பப்படி அவங்களே வெச்சுக்கறாங்களாம்."

"காகிதத்தைத் தொட்டுப் பாருடி, என்ன வழவழப்பு!" என்றார் எழுத்தர்.

உள்ளறையிலிருந்து மாமனாரின் குரல் கேட்டது. "தாத்தா எப்பம்மா வர்றாரு?"

மனைவி மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, புதிதாக ஒரு கடிதம் எழுதினாள். ஊரார் கையெழுத்துக்காக அதை வீடு வீடாக எடுத்து வருகிறாள். எழுத்தரைப் பார்த்துச் சிரித்தீர்கள் அல்லவா? நாளை உங்கள் வாசலிலும் நிற்பாள். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, "எல்லாம் சரிதாம்மா, கொஞ்சம் பணிவா எழுதியிருக்கலாமே" என்று இழுக்காமல் இருப்பீர்களா?